பிளக் போட்டும் கார் கிளம்பவில்லையா? பிளாக் ஹீட்டர் கோளாறுகளை அறிகுறி வழியே கண்டுபிடிப்பது

கனடாவின் வின்னிபெக், ரெஜைனா, சஸ்கட்டூன், எட்மன்டன் பக்கம் ஜனவரியில் மைனஸ் 30 என்றால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. இங்கே பாதிக் கார்களின் முன் கிரில்லிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் தொங்கும். டொராண்டோவிலிருந்து வேலைக்காகவோ வீட்டு விலைக்காகவோ குடிவரும் நம்மவர்கள் பலர் அந்த ஒயரை இங்கே வந்துதான் முதலில் கவனிக்கிறார்கள். எஞ்சின் பிளாக்கில் பொருத்திய ஒரு சிறு ஹீட்டரின் ஒயர் அது. சுவர் பிளக்கில் செருகினால் பிளாக்குக்குள் இருக்கும் கூலண்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை, சூடாக்கும். காலையில் எஞ்சின் லேசாகச் சுழலும், சீக்கிரம் பற்றிக்கொள்ளும்.

"ராத்திரி முழுக்க பிளக்கில்தான் இருந்தது, அப்படியும் கிளம்பவில்லை" என்று சொல்பவர்கள் அடுத்து நேராகப் புது பேட்டரி வாங்கப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பிளக் செருகியிருப்பது வேறு, எஞ்சினில் சூடு ஏறுவது வேறு. சுவரில் உள்ள பிளக் பாயின்ட், டைமர், எக்ஸ்டென்ஷன் ஒயர், காரின் ஒயர், அதன் முனையில் ஹீட்டர் என்று ஐந்து இடங்கள் இருக்கின்றன. இதில் ஒன்று செத்தாலும் நீங்கள் இரவெல்லாம் சூடாக்கியதாக நம்பிய கார், பனியில் சும்மா நின்றதாகத்தான் அர்த்தம். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் சூடு ஏறுகிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

சூடு ஏறுகிறதா? மூன்று சோதனைகள்

முதலாவது, காது. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது பானெட்டைத் திறந்து வைத்து, இன்னொருவரைப் பிளக்கைச் செருகச் சொல்லுங்கள். கூலண்டுக்குள் மூழ்கியிருக்கும் வகை ஹீட்டர் என்றால் ஒரு நிமிடத்துக்குள் பிளாக்கின் பக்கத்திலிருந்து மெல்லிய 'உஸ்' சத்தம் வரும். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கத் தொடங்குவதற்கு முன்னால் வருமே, அதே சத்தம்தான். வெளிப்புறமாகப் போல்ட் போட்டு இறுக்கும் வகையில் இந்தச் சத்தம் வராது என்பதால், சத்தம் இல்லை என்றவுடன் ஹீட்டர் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

இரண்டாவது, வாட் மீட்டர். பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் செருகும் சின்னப் பெட்டி, ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும். சிறிய கார்களில் 400 வாட் பக்கம் காட்டும், பெரிய எஞ்சின்களில் 600, 750, டீசல் பிக்கப் என்றால் 1000 அல்லது அதற்கும் மேலே. பூஜ்யம் காட்டினால் கோளாறு மின்பாதையில் இருக்கிறது. என்னைக் கேட்டால் வீட்டில் கார் வைத்திருக்கும் எல்லாரிடமும் இது இருக்க வேண்டும். ஊகத்துக்கே வேலை இல்லாமல் செய்துவிடும்.

மூன்றாவது சோதனையை நம்மில் அதிகம் பேர் செய்வதில்லை. ஸ்டியரிங்கின் கீழே, எஞ்சின் தகவல்களைப் படிப்பதற்காக இருக்கும் ஓபிடி போர்ட்டில் செருகும் புளூடூத் ஸ்கேனர் இருந்தால், காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று கூலண்டின் வெப்பநிலை, இன்னொன்று எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலை. இரவு முழுக்க நின்ற காரில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் சூடு ஏறவே இல்லை. காற்று மைனஸ் 25, கூலண்ட் பிளஸ் 5 என்று காட்டினால் ஹீட்டர் தன் வேலையைச் செய்திருக்கிறது. சென்சார் ஹீட்டரிலிருந்து தள்ளி இருக்கும் எஞ்சின்களில் இந்த வித்தியாசம் குறைவாகத் தெரியும், ஆனால் தெரியும்.

ஒன்று சொல்ல வேண்டும். வானிலை அறிக்கையில் "விண்ட் சில் மைனஸ் 45" என்று சொன்னால் அது நம் தோலுக்குச் சொல்வது. நிறுத்தி வைத்த எஞ்சின் எவ்வளவு காற்றடித்தாலும் சுற்றியுள்ள காற்றின் உண்மையான வெப்பநிலைக்குக் கீழே போகாது. காற்று அதைச் சீக்கிரம் குளிர வைக்கும், அவ்வளவுதான். பிளக் போடலாமா வேண்டாமா என்பதை உண்மை வெப்பநிலையை வைத்து முடிவு செய்யுங்கள். மைனஸ் 15-க்குக் கீழே போனால் போட்டுவிடுவது நல்லது.

அறிகுறி: சூடே ஏறவில்லை, மீட்டரில் பூஜ்யம்

சுவரிலிருந்து காரை நோக்கி ஒவ்வொரு கட்டமாக வாருங்கள். பிளக் பாயின்ட்டில் ஒரு விளக்கைச் செருகிப் பாருங்கள். அடுக்குமாடி வீடுகளின் கார் நிறுத்துமிடத்திலும் அலுவலகங்களிலும் இருக்கும் பிளக் கம்பங்களில் ஒரு விஷயம் உண்டு. மின்சாரத்தை மிச்சப்படுத்த, பல இடங்களில் அவை விட்டு விட்டு ஓடும்படி வைத்திருப்பார்கள், கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் நிற்கும். சில இடங்களில் குளிர் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால்தான் மின்சாரமே வரும். ஆகவே விளக்கு எரியவில்லை என்று உடனே மேனேஜருக்குப் போன் போடாமல் அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

பாயின்ட்டில் மின்சாரம் இருக்கிறது என்றால் அடுத்து எக்ஸ்டென்ஷன் ஒயர். அதன் மறுமுனையில் அதே விளக்கைச் செருகுங்கள். எரிந்தால் அதுவும் சரி. மிச்சம் இருப்பது காரின் ஒயரும் ஹீட்டரும்.

இங்கே ஒரு மல்டிமீட்டர் போதும். பிளக்கைச் சுவரிலிருந்து முழுசாக எடுத்துவிட்டு, மீட்டரை ஓம் அளவில் வைத்து, கார் பிளக்கின் இரண்டு தட்டையான பின்களிலும் தொடுங்கள். கனடாவின் 120 வோல்ட்டில் 400 வாட் ஹீட்டர் என்றால் 36 ஓம் பக்கம் காட்ட வேண்டும். 600 வாட்டுக்கு 24, 750-க்கு 19, 1000-க்கு 14. எண் கிட்டத்தட்ட இருந்தால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. எதுவும் காட்டாமல் திறந்த சுற்று என்று சொன்னால் எங்கேயோ அறுந்திருக்கிறது.

அறுந்தது ஹீட்டர்தான் என்று இங்கேயும் அவசரப்பட வேண்டாம். பெரும்பாலான கார்களில் ஒயர் தனி, ஹீட்டர் தனி. ஒயரின் உள்முனை ஹீட்டரின் மேல் அழுத்திச் செருகியிருக்கும். அது அதிர்வில் தளர்ந்து கழன்றிருக்கும், அல்லது உப்புத் தண்ணீர் புகுந்து பச்சை பூத்திருக்கும். குளிரில் ஒயரின் உறை விறைத்து, வளைக்கும் இடத்தில் வெடிக்கும். பிளக்கை எடுக்காமலே காரை ரிவர்ஸ் எடுத்தவர்களின் ஒயர் கிரில் ஓரத்தில் இழுபட்டு உள்ளே அறுந்திருக்கும். ஒயரைக் கழற்றி, ஹீட்டரின் பின்களிலேயே நேராக ஓம் பாருங்கள். அங்கே சரியான எண் வந்தால் புது ஒயர் மட்டும் வாங்கினால் போதும், ஹீட்டருக்கும் வேலைக்கூலிக்கும் செலவழிக்க வேண்டியதில்லை.

ஜிஎம் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் பலவற்றின் ஒயரிலேயே ஒரு தெர்மோஸ்டாட் இருக்கும். மைனஸ் 18-க்குக் கீழே போனால்தான் அது மின்சாரத்தை விடும். கராஜுக்குள்ளே வைத்துச் சோதித்தால் பூஜ்யம்தான் காட்டும், அது கோளாறு அல்ல. ஒயரின் முனையைக் கடுங்குளிரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

காரில் ஒயரே காணோம் என்பவர்கள், கிரில்லுக்குப் பின்னால் சுருட்டிக் கட்டி வைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். ஒன்டாரியோவிலோ பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ விற்ற கார் என்றால் ஹீட்டரே போடாமல் வந்திருக்கலாம். செப்டம்பர், அக்டோபரிலேயே போட்டுக்கொள்ளுங்கள். முதல் கடுங்குளிர் வந்த பிறகு பட்டறைகளில் இடம் கிடைப்பது கஷ்டம்.

அறிகுறி: மீட்டர் சரியாகக் காட்டுகிறது, காலையில் எஞ்சின் குளிர்ந்தே இருக்கிறது

அநேகமாக டைமர்தான். ஒருமுறை மின்தடை வந்தால் முள் சுற்றும் டைமர் அத்தனை நேரம் பின்தங்கிவிடும். நீங்கள் ஏழு மணிக்குக் கிளம்பும்போது அது இன்னும் தொடங்கியே இருக்காது. வெளியே வைக்கத் தகுந்த டைமரா என்றும் பாருங்கள். வீட்டுக்குள் வைக்கும் டைமரைப் பனியில் தொங்கவிட்டால் அது சீக்கிரம் மக்கர் செய்யும், அபாயமும் கூட.

நேரம் பற்றி ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். கிளம்புவதற்கு 2 முதல் 4 மணி நேரம் முன்னால் ஓடத் தொடங்கினால் போதும். அதற்கு மேல் எஞ்சினுக்குள் ஏறும் சூடும் காற்றில் போகும் சூடும் சமமாகிவிடும், மீட்டர் மட்டும் ஓடும். 500 வாட் ஹீட்டர் 12 மணி நேரம் ஓடினால் 6 யூனிட், 3 மணி நேரம் என்றால் ஒன்றரை யூனிட். இது நம் பில்லோடு நிற்கிற விஷயமும் இல்லை. 2024 ஜனவரி 13 மாலை ஆல்பர்ட்டாவில் கடுங்குளிரில் மின்தேவை எகிறி, மக்களின் போனுக்கே அவசர எச்சரிக்கை வந்தது. அத்தியாவசியத்துக்கு மட்டும் மின்சாரம் பயன்படுத்துங்கள் என்றார்கள், பிளாக் ஹீட்டரைப் பிளக்கில் போடுவதையும் தள்ளி வைக்கச் சொன்னார்கள். டைமர் வைத்திருப்பவர்களின் ஹீட்டர் அந்த மாலை நேரத்தில் எப்படியும் ஓடியிருக்காது.

டைமர் சரி என்றால் எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொட்டுப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக் சேரும் இடம் கையில் சூடாகத் தெரிந்தால், அந்த ஒயர் மெலிசு அல்லது பிளக்கின் பின் தளர்ந்துவிட்டது. எஞ்சினுக்குப் போக வேண்டிய சூடு வழியிலேயே போகிறது. பின்களைப் பாருங்கள், ஓரம் பழுப்பேறியோ கறுத்தோ பிளாஸ்டிக் உருகியோ இருந்தால் அதை இன்றே குப்பையில் போடுங்கள். வெளியே பயன்படுத்தத் தகுந்த, குளிரிலும் விறைக்காத, மூன்று பின் ஒயர் வாங்குங்கள். கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமன். சிறிய ஹீட்டருக்கு 16 கேஜ் போதும், 1000 வாட் ஹீட்டருக்கோ நீளமான ஒயருக்கோ 14 அல்லது 12 கேஜ் எடுங்கள். ஒயரோடு ஒயர் கோத்து நீட்ட வேண்டாம்.

அறிகுறி: பிளக் போட்டதும் பிரேக்கர் விழுகிறது

எது விழுகிறது என்று முதலில் பாருங்கள். பேனல் பெட்டியில் உள்ள பிரேக்கர் விழுந்தால் பெரும்பாலும் சுமை அதிகம். 15 ஆம்ப் லைன் ஒன்றில் இரண்டு 1000 வாட் ஹீட்டர்களைப் போட்டால் 16 ஆம்ப்பைத் தாண்டிவிடும். ஒரே காரில் பிளாக் ஹீட்டரோடு பேட்டரி போர்வை, சீட்டுக்கடியில் வைக்கும் உள் வார்மர் எல்லாம் சேர்த்து ஓட்டினாலும் இதே கதிதான். அந்த உள் வார்மர் மட்டுமே 700, 800 வாட் இழுக்கும். மணிக்கணக்கில் ஓடும் சுமை என்பதால் 15 ஆம்ப் லைனில் 12 ஆம்ப்புக்கு மேல் வைக்காதீர்கள்.

பிளக் பாயின்ட்டிலேயே பட்டன் வைத்த ஜிஎஃப்சிஐ, அதாவது மின்கசிவு தெரிந்தால் மின்சாரத்தை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்ச், விழுந்தால் விஷயம் வேறு. மின்சாரம் எங்கேயோ எர்த்துக்குக் கசிகிறது. முதலில் எக்ஸ்டென்ஷனை மட்டும் செருகுங்கள். அதிலேயே விழுந்தால் ஒயருக்குள் பனி உருகிய தண்ணீர் போயிருக்கிறது, வீட்டுக்குள் கொண்டுபோய்க் காய வையுங்கள். கார் ஒயரைச் சேர்த்ததும்தான் விழுகிறது என்றால், அந்தப் பிளக்கைத் துடைத்துக் காயவைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் விழுந்தால், முன்பு சொன்ன மல்டிமீட்டரை உருண்டையான எர்த் பின்னுக்கும் தட்டைப் பின்னுக்கும் நடுவில் வையுங்கள். அங்கே எந்த எண்ணும் வரக் கூடாது. வந்தால் ஒயரின் இன்சுலேஷனோ ஹீட்டரின் உறையோ போய்விட்டது.

இந்த இடத்தில் சிலர் எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகுகிறார்கள், அல்லது ஜிஎஃப்சிஐ இல்லாத பாயின்ட்டுக்கு மாற்றி ஓட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எர்த் இல்லாமல் போனால், கசியும் மின்சாரம் ரப்பர் டயரின் மேல் நிற்கும் காரின் உடம்பில் வந்து காத்திருக்கும். காலையில் ஈரக் கையுறையோடு கதவைத் தொடப் போவது உங்கள் பிள்ளையாகக்கூட இருக்கலாம்.

அறிகுறி: எஞ்சின் சூடாக இருக்கிறது, சாவி போட்டால் டிக்-டிக் மட்டும்

இப்போதுதான் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டும். பிளாக் ஹீட்டர் பேட்டரியைச் சூடாக்குவதில்லை. மைனஸ் 18-ல் ஒரு பேட்டரியின் சுழற்றும் சக்தி ஏறத்தாழ பாதியாகிவிடும். எஞ்சின் சூடாக இருந்தால் அந்தப் பாதியே போதும், பேட்டரி நல்ல நிலையில் இருந்தால். சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். டெர்மினலில் வெள்ளைப் பூஞ்சை மாதிரி படிந்திருக்கிறதா, கையால் ஆட்டினால் அசைகிறதா என்றும் பாருங்கள். தினமும் பத்து நிமிடப் பயணம், ஹீட்டட் சீட், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் ஆன் என்று ஓட்டினால், எடுத்த சார்ஜ் பேட்டரிக்குத் திரும்பவே வராது. அந்த மாதிரி ஓட்டுபவர்கள் இரவில் ஒரு சின்ன சார்ஜரையும் சேர்த்துப் போடுவது நல்லது.

முழுக்க இறங்கிய பேட்டரி மைனஸ் 10-க்குள்ளேயே உறைந்துவிடும். பக்கங்கள் உப்பியிருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து பூஸ்ட் கொடுக்கவே கூடாது, வெடிக்கும். கழற்றி உள்ளே கொண்டுபோனாலும் சார்ஜரில் போடாதீர்கள், மாற்றுங்கள். உறையாத பேட்டரிக்கு பூஸ்ட் கொடுக்கும்போது சிவப்பு முதலில், இரண்டு பேட்டரியின் பிளஸ்ஸிலும். பிறகு கறுப்பு, நல்ல பேட்டரியின் மைனஸில் ஒரு முனை. கடைசி முனையைச் செத்த பேட்டரியில் மாட்டாமல் அந்தக் காரின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுங்கள்.

அறிகுறி: செல்ஃப் நன்றாக எடுக்கிறது, எஞ்சின் பற்றவில்லை

ஹீட்டரும் பேட்டரியும் தப்பித்துவிட்டன. பத்து விநாடிக்கு மேல் விடாமல் செல்ஃப் அடிக்காதீர்கள், ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் எஞ்சினுக்குள் பெட்ரோல் அளவுக்கு மேல் போய் ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கிறது. ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால், இன்றைய பெரும்பாலான கார்கள் அந்த நேரத்துக்கு எரிபொருளை நிறுத்திவிடும், உள்ளே இருப்பது காய்ந்து பற்றும். வாசனையே இல்லை என்றால் எரிபொருள் வரவில்லை. டேங்க் காலியாகக் காலியாக உள்ளே ஈரம் சேர்ந்து குழாயில் உறையும். குளிர்காலத்தில் பாதிக்குக் கீழே விடாமல் ஓட்டுங்கள். உறைந்துவிட்டது என்று தோன்றினால் காரைச் சூடான கராஜுக்கு இழுத்துப்போவதுதான் நிச்சயமான வழி.

டீசலில் கதை வேறு. குளிரில் டீசலில் உள்ள மெழுகு கட்டி ஃபில்டரை அடைத்துவிடும், பிளாக் ஹீட்டர் அதற்கு ஒன்றும் செய்யாது. கோடையில் நிரப்பிய டீசலோடு குளிர்காலத்துக்குள் நுழையாதீர்கள்.

அறிகுறி: கிளம்பிவிட்டது, ஆனால் கடகடவென்று சத்தம்

கூலண்ட் சூடாகியிருந்தாலும் கீழே எண்ணெய்ப் பாத்திரத்தில் ஆயில் இன்னும் கெட்டியாகவே இருக்கும். உங்கள் கார் கையேடு 0டபிள்யூ-20 அல்லது 0டபிள்யூ-30 என்ற, குளிரில் அதிகம் கெட்டியாகாத ஆயிலை அனுமதித்தால் இங்கே அதைத்தான் போட வேண்டும். 5டபிள்யூ ஆயிலில் எஞ்சின் சுழலுமா என்று பார்க்கும் குளிர்ச் சோதனை மைனஸ் 30-ல் நடக்கிறது, 0டபிள்யூவுக்கு மைனஸ் 35-ல். ஒரு நிமிடம் ஓடவிட்டு, பிறகு மெதுவாக ஓட்டிச் சூடாக்குங்கள். கராஜ் கதவு திறந்திருந்தாலும் உள்ளே எஞ்சினை ஓடவிடாதீர்கள், கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் புகும். முதல் சில நூறு மீட்டர் டயர்கள் சதுரமாக இருப்பது போலத் தடதடக்கும். இரவு நின்ற இடத்தில் தட்டையாகிவிட்டன, தானே சரியாகும்.

அறிகுறி: இனிப்பு வாசனை, கீழே பச்சை அல்லது ஆரஞ்சுச் சொட்டு

இதை நாளைக்கு என்று தள்ளிப்போடக் கூடாது. அமெரிக்காவில் வட டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸில் மின் கூட்டுறவு ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949-ல் காப்புரிமை பெற்ற பழைய ஹீட்டர், எஞ்சின் தலையின் போல்ட் ஒன்றுக்குப் பதிலாக உட்காரும் சூடான போல்ட். அது கூலண்டைத் தொடுவதே இல்லை. இன்றைக்குப் பல கார்களில் இருப்பதோ பிளாக்கின் பக்கவாட்டு ஓட்டை ஒன்றில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போட்டு உட்கார வைத்தது. அந்த ரிங் பழசானால் கூலண்ட் கசியும். கூலண்ட் குறைந்து ஹீட்டர் காற்றில் நின்றால் சில நிமிடங்களில் எரிந்துபோகும். ஆகவே சொட்டு தெரிந்தால் பிளக்கைப் போடாதீர்கள், எஞ்சின் ஆறியபின் ரிசர்வாயரின் அளவைப் பாருங்கள், பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

அங்கே புது ஹீட்டரோ ரிங்கோ மாற்றிய பிறகு இரண்டு கேள்வி கேளுங்கள். கூலண்டைச் சரிபாதி தண்ணீர் கலந்து ஊற்றினார்களா? அது மைனஸ் 37 வரை தாங்கும், அதற்கும் கீழே போகும் ஊர் என்றால் 60 பங்கு கூலண்டுக்கு 40 பங்கு தண்ணீர் கேளுங்கள். உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினார்களா? இது இன்னும் முக்கியம். காற்றுக் குமிழி ஹீட்டரைச் சுற்றி நின்றால் புது ஹீட்டரே முதல் இரவில் எரிந்துவிடும். எஞ்சினை முழுச் சூடு வரும்வரை ஒருமுறை ஓட்டி, ஆறவிட்டு, கூலண்ட் அளவு இறங்கவில்லை என்று பார்த்த பிறகே பிளக்கைச் செருகுங்கள்.